ஒற்றுக்கு ஆள் எடுத்தது

சிம்மக்கல்லில் பூட்டுக்கடைக்கு மேல் மாடி.
வரைபடம் நான் போட்டது.
நடுவே கோபுரம் இல்லை, அந்த இடத்தில்
மூச்சுவிடும் ஒரு கிணறு.
சுற்றி சித்திரை, ஆவணி, மாசி, வெளி என்று
நம் வீதிகளே. பெயர் மாற்ற மனம் வரவில்லை.
ராத்திரியில் யாளிகள் தூணைவிட்டு இறங்கும்.
வைகையில் இருகரை தொட்டுத் தண்ணீர் ஓடும்.
"இது கொஞ்சம் ஓவர்" என்றான் ஷாகுல்.
யாளியைச் சொல்லவில்லை.

வேலை இதுதான்:
ஆற்றைத் தாண்டி வடகரைக் கோட்டைக்குள் நுழைந்து
அரசி உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்து வரவேண்டும்.
அவளுக்கு மல்லிகை ஆகாது,
பிச்சிதான் பிடித்திருந்தது என்று
துப்பும் ஒன்று கொடுத்தேன்.

ஜெபமணி மந்திரவாதி. உருட்டினான், பதினேழு. மறைந்தான்.
பாலம் முடிவதற்குள் நாய்கள் சூழ்ந்துகொண்டன:
ஆள் இல்லாத இடத்தில்
அத்தனை ஆள்வாசனை.

ஷாகுல் திருடன்.
அவன் விரல் பட்டால் எந்தப் பூட்டும் வாய் பிளக்கும்,
திறந்தவன் சும்மா வருவானா?
வெள்ளிச் சொம்பை இடுப்பில் செருகிக்கொண்டு
சேதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

கோவர்த்தனன் கிளியாக மாறினான்.
அழகர்மலைப் பக்கம் மூன்று சுற்று,
நாலு கொய்யா,
எதற்கு வந்தோம் என்று எங்களையே கேட்டான்.

ஒச்சம்மாவுக்கு உசிலம்பட்டி பஸ் ஒன்பதேகாலுக்கு.
அவள் தாளில் எழுதியிருந்தது:
சாவு ஊர்வலத்தில் வெடி போடுகிறவள்.
வலிமை இரண்டு. மாயம் பூச்சியம்.
கோவர்த்தனன் சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

"பொணம் வந்தா எந்தக் காவக்காரனும் வழிவிடுவான்.
திரியைப் பத்தவைக்க நான் குனிஞ்சா
அத்தனை பேரும் காதைப் பொத்திக்கிட்டு
மூஞ்சியத் திருப்பிக்குவாங்க.
அந்நேரம் கண்ணு தொறந்திருக்கறது
நான் ஒருத்திதான்."

ஒன்பதுதான் விழுந்தது. போதும் என்றாள்.
கோட்டையைத் தாண்டித்தானே சுடுகாடு.
எத்தனை வெடி, எத்தனை ஜன்னல்,
எதையும் என்னிடம் கேட்கவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்
"அரசி செத்துட்டாங்க" என்றாள்.

எப்படி?

"பிச்சி பிடிச்சிருந்ததுன்னு சொன்னே.
பிடிக்கும்னு சொல்லலையே."

கவிழ்த்து வைத்திருந்த சீட்டைத் திருப்பினேன்.
அதில் எழுதியிருந்ததும் அதுதான்.
ஜெபமணி விசிலடித்தான். கீழே
யாரோ ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள்.

படியில் நின்று செருப்பு மாட்டும்போது
எனக்கு மட்டும் கேட்கிற குரலில்:
"பெரியாஸ்பத்திரில எந்த வார்டு?"

யாரிடமும் சொன்னதில்லை.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்,
பாஸ் உள்ளேதான் இருந்தது.

"இருபத்தி மூணு" என்றேன்.
அவள் நகரவில்லை.
"அப்பா இருக்காரு" என்றேன்,
காலத்தைப் பார்த்துப் போட்டு.