மூன்று தசமம்

ரூவியில் நான் வேலை பார்க்கும் கடையில்
வெங்காயத்துக்கு விலை ஒட்டுவது நான்தான்.
ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்,
பொய் சொல்ல மூன்று இடம்.
0.995 என்று ஒட்டினால்
இரண்டு கிலோ கூடுதலாய் அள்ளுகிறார்கள்.
மிச்சம் ஐந்து பைசாவை
யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரவில் மேல்கட்டிலில் மடிக்கணினி.
இரண்டு வருடமாகக் கட்டிய விளையாட்டு:
ஒருவர் படகில், ஒருவர் கலங்கரை விளக்கில்.
படகுக்காரருக்குக் கண் தெரியாது, பனி.
விளக்குக்காரருக்கு வாய் கிடையாது,
அணைத்து ஏற்றித்தான் பேச வேண்டும்.
துப்பாக்கி இல்லை. மதிப்பெண் இல்லை.
கரை சேர்ந்தால் ஒரு மணி அடிக்கும்.
"இத எவன்டா காசு குடுத்து வாங்குவான்?"
கீழ்க்கட்டில் லூர்து சேவியர்.

4.900 வைத்தேன்.
பத்தொன்பது பேர் வாங்கினார்கள்,
பத்து நாட்டு நேரத்தில்.
ஒருவர் வரும்போது மற்றவர் தூங்கப் போயிருப்பார்.
சர்வரில் பார்த்துக்கொண்டிருப்பேன்:
யாரோ நாற்பது நிமிடமாக
வராத படகுக்கு
விளக்கை ஏற்றி, அணைத்து, ஏற்றி.

ரமலான் தள்ளுபடியில் 0.290.
ஒரே வாரம், மூவாயிரத்து அறுநூறு.
லூர்து பிரியாணி வாங்கித் தந்தான், என் காசில்.
துறை முழுக்க வெளிச்சம்.
ஏழாம் நிமிடத்தில்
படகை நடுக்கடலில் விட்டுப் போனார்கள்.
ஒரு சாயா, ஒரு பரோட்டா விலை;
சாயா ஆறிப்போனால் யார் வருத்தப்படுவார்கள்?
மணி கேட்டவர்கள் நாற்பது பேர் இருக்கலாம்.
"போர்." "துப்பாக்கி எங்கே?" "காசு வேஸ்ட்."
முழு விலை கொடுத்த பழைய ஆள் ஒருவர் மட்டும்:
"போன மாதம் யாரும் வரவில்லை.
இப்போது யாரும் நிற்பதில்லை.
போன மாதமே பரவாயில்லை."

அதைப் படித்த காலையில்
தக்காளிக்கு 0.450 என்பதை 4.500 என்று ஒட்டிவிட்டேன்.
பிஜோய் சேட்டன் கூப்பிட்டுக் காட்டினார்.
ஒரு பலூச்சிப் பெரியவர்
எடுத்த பழங்களை ஒவ்வொன்றாகத்
திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்,
கோபமே இல்லாமல்,
அவற்றுக்கு அடிபடக் கூடாது என்பது போல.

மறுபடி 4.900.
ஆனால் ஒன்று வாங்கினால் இரண்டு சாவி.
ஷாம்பூவோடு சீப்பு, எங்கள் கடைப் பழக்கம்தான்.
சீப்பென்றால் மறந்துவிட்டுப் போகலாம்.
இதில் யாருக்கு என்று பெயர் எழுத வேண்டும்.
பழைய பத்தொன்பது பேருக்கும்
ஒரு சாவி அனுப்பினேன்.

புதிதாய் எட்டு விற்றிருக்கிறது.
லூர்து விரலில் கணக்குப் போட்டான்,
கட்டில் வாடகைக்கே காணாதாம்.

நேற்றிரவு ஒரு சாவி என் பெட்டிக்கே திரும்பி வந்தது.
அந்தப் பழைய ஆள்.
யாருக்கு என்ற இடத்தில்,
விளையாட்டின் கடைசித் திரையில்
பொடி எழுத்தில் கிடக்கும் என் பெயர்.

காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட்.
படகா, விளக்கா என்று கேட்கிறது திரை.
சோதித்துப் பார்த்த நாளெல்லாம்
இரண்டும் நானாகவே இருந்தேன்.