எர்த்

பிரேக்கை மிதித்தால்
இண்டிகேட்டர் முழிக்கிறது.
இண்டிகேட்டர் போட்டால்
ரிவர்ஸ் லைட் மெல்லப் பல்லிளிக்கிறது.
நானுஓயாவில் நாலு தரம் பல்பு மாற்றியாயிற்றாம்.
"பேய் புடிச்ச கார்" என்கிறார் மிட்வைஃப் கமலவேணி.

எண்பத்தேழாம் வருடத்துச் சன்னி.
நேற்று ராத்திரி ரதல்ல வளைவில்
பின்னால் வந்த பால் பவுசர்
ஒரு முழம் விட்டு நின்றதாம்.

டிக்கியைத் திறந்து பலகையைக் கழற்றினேன்.
பனி குடித்துக் குடித்துச்
செம்புக் கோடெல்லாம் பாசி நிறம்.
பல்புகள் மேல் குற்றமில்லை,
எர்த் அறுந்திருக்கிறது.
எர்த் இல்லாத கரண்ட்
அடுத்தவன் விளக்குக்குள் புகுந்துதான்
வீடு திரும்பப் பார்க்கும்.

சிரிப்பு வந்தது.
ஏழு பேர்ச் தருவதாக எங்கள் லயத்துக்கு வந்த கடிதம்
பழைய ஃபியூஸ் டப்பாவில்தான் கிடக்கிறது.

பிளேடால் சுரண்டி,
செத்த சார்ஜர் வயரில் ஓர் இழை உருவி,
அறுந்த இடத்தில் படுக்கவைத்து
ஈயம் விட்டேன்.
புகை கண்ணில் ஏறியது.
மேலே பூச வார்னிஷ் இல்லை.
கமலவேணி கைப்பையைத் துழாவி
நகப்பூச்சுப் போத்தலை நீட்டினார், கத்தரிப்பூ நிறம்.
"டியூட்டியில பூச ஏலாது, சும்மாதான் கெடக்கு."
இரண்டு கோட் பூசினேன்.
ஊதி ஊதிக் காயவைத்தது அவர்.

தலவாக்கலைச் சந்தியில் பிரேக் மிதித்தார்.
மூடுபனியில் காரும் இல்லை, வீதியும் இல்லை.
இரண்டு சிவப்பு மட்டும்
இடம் பிடித்து நின்றன.

இடது பக்கம் கொஞ்சம் மங்கல்தான்.
திங்கட்கிழமை வரச் சொல்ல வேண்டும்.