புத்தகம் இல்லாத வேன்

சாவி தந்த அன்று தேங்காய் உடைத்தவரே அவர்தான்,
அட்டன் கார் சேல் மகேந்திரராஜா.
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்
அவர் செலவில்.
"புத்தகம் அடுத்த கிழமை தங்கச்சி,
அதுக்கு நான் உறுதி."

அடுத்த கிழமை மழை.
அதற்கடுத்தது போயா.
கொழும்புக்குப் போன பையன் திரும்பவில்லை,
திரும்பினால் அவன் மாமியார் சாவு.
நாரஹேன்பிட்டியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம்.
பதினொரு வெள்ளிக்கிழமை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பேரோடு
பொலிஸ் நிற்கும் வளைவில்
மூச்சை அடக்கி ஓட்டினேன்.
பின் சீட்டிலிருந்து மதுஷிகா கேட்டாள்:
"அக்கா, இது திருட்டு வேனா?"

அன்றுதான் லீசிங் கந்தோருக்குப் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
இலக்கத்தைத் தட்டினாள், நிமிரவில்லை.
பழைய சொந்தக்காரரின் கடன்
இன்னும் ஆறு தவணை.
நான் எண்ணிக் கொடுத்தது,
இரண்டு சீட்டு, ஒரு சங்கிலி,
அம்மாவின் ஈ.பி.எஃப்,
எங்கேயும் ஏறியிருக்கவில்லை.

எங்கள் லயத்தில் உறுதி என்றால்
வாய்ச்சொல் மட்டும்தான்.
காணிக்கு எழுதும் உறுதியை
நாலு தலைமுறையில் யாரும் தொட்டதில்லை.

சனிக்கிழமை விடிய வேனைக் கழுவினேன்.
ஓட்டிப்போய்
அவருடைய விற்பனை வரிசைக்கு முன்னால் நிறுத்தி
ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.
கண்ணாடியில் மட்டை, இரண்டு மொழியில்:
காசு கொடுத்தாயிற்று. புத்தகம் வரவில்லை.
விபரம் சாரதியிடம்.

சாரதி உள்ளே இருந்தேன்,
பிளாஸ்க்கில் பிளேன்டீ, இரண்டு பணிஸ்.

வெள்ளை அல்டோ பார்க்க வந்த குடும்பம்
மட்டையை வாசித்தது.
அல்டோவை மறந்தது.
மரக்கறி லொறிக்காரர் ஒருவர்
"பொத்த நே?" என்று கேட்டுச் சிரித்தார்.
சிரித்துவிட்டுப் போகவில்லை,
பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மகேந்திரராஜா குடையோடு வந்தார். மழை இல்லை.
"தங்கச்சி, என் பேரு கெட்டுப் போகுது."
"எனக்கு இன்னும் பேரே ஏறலியே அண்ணே,
புத்தகத்துல."

பன்னிரண்டுக்கு மூடும் கந்தோர்.
பதினொன்று நாற்பதுக்கு
ஆறு தவணையும் கட்டினார், என் கண் முன்னால்.
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்,
ஒன்று கூடிவிடுமோ என்று.

புத்தகம் பதிவுத் தபாலில் வந்தது.
லயமே கூடிப் பார்த்தது.
ஆறுமுகம் வசந்தமலர் என்கிற என்னை
வசந்தமாலா என்று அடித்திருக்கிறார்கள்.

பரவாயில்லை.
நாரஹேன்பிட்டிக்கு நானே போகிறேன்.
என் வேனில்.