வட்டம் விளக்கப்படவில்லை

வியாழனும் வெள்ளியும் களப்பணி.
அணைக்கட்டு பஸ்ஸுக்கு நான் ஓடும்போதுதான்
அத்தைக்குச் சந்தேகம் வரும்:
"சமூகப்பணின்னா ரோடு பெருக்கறதா,
வீடு வீடா கையெழுத்து வாங்கறதா?"
முதல் வருஷம் ரெண்டும் செய்தேன்.
அதனால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் வருஷம் எனக்கு விழுந்தது
காந்தி ரோட்டை ஒட்டிய லாட்ஜ் சந்துகள்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாசக்கணக்கில் தங்குமிடம்.
மீன் கடை, சலூன், ரயில் டிக்கெட் கடை
போர்டெல்லாம் வங்காளத்தில்.
பிறந்த ஊரில் எழுத்துக்கூட்டத் தெரியாமல்
கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றேன்.

முதல் சந்திப்பிலேயே நல்லுறவை ஏற்படுத்த வேண்டும்
என்கிறது பாடம்.
எந்த மொழியில் என்று இல்லை.

மூன்றாம் மாடி, அறை பதினேழு.
ஷெஃபாலி மண்டல், முர்ஷிதாபாத்.
கணவருக்கு ரத்தத்தில் கோளாறு.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
"தூக்கம் எப்படி இருக்கு?" என்று போனிடம் சொன்னேன்.
போன் அதைத் துக்கம் என்று கேட்டு
வங்காளத்தில் அவளிடம் கேட்டது.
அவள் பதில் நீளமாக இருந்தது.
நடுவில் ஒருமுறை ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.
போன் திருப்பிக் கொடுத்தது இவ்வளவுதான்:
"ஆறு வீட்டைச் சாப்பிட்டது. பிறகு பள்ளிக்கூடத்தை."

அவள் என்னைக் கேட்டாள்,
காட்பாடியிலிருந்து ஆட்டோவில் வரும்போது
அத்தனை நீளப் பாலம் வந்ததே,
அதன் கீழே எதைக் கட்டப்போகிறார்கள்?
பாலாறு, என்றேன். நதி.
சிரித்தாள்.
சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவரும் சிரித்தார்.
எனக்குக் கோபம் வந்தது, வெட்கமும்.
இரண்டையும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

என் பெயரை மட்டும் போன் இல்லாமலே பிடித்துக்கொண்டாள்.
தமயந்தியா?
தொமொயொந்தி!
நளன் எங்கே என்று கட்டிலுக்கடியில் தேடினாள்.

பயனாளியிடம் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.
கடுகு அரைத்த மீன் குழம்பு
மூக்கு வரை ஏறியது.
அதையும் எழுதவில்லை.

தலையீடு என்று ஒரு கட்டம் உண்டு அறிக்கையில்.
நாள் வாடகை ஐம்பது ரூபாய் ஏறியபோது
மேனேஜரிடம் போய்த் தலையிட்டேன்.
"எந்தக் காலேஜும்மா நீ?" என்றார்.
சொன்னேன்.
"நல்லா படி" என்றார்.

ஐந்தாவது வாரம் குடும்ப வரைபடம்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
இறந்தவர் மேல் பெருக்கல் குறி.
மாமனார், மாமியார், கொழுந்தன், இரண்டு மகன்கள்.
பெருக்கல் குறி போடும்போதெல்லாம்
என் கையையே பார்த்தாள்.
முடித்ததும் பேனாவை வாங்கி
தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள்.
கோணல் வட்டம், மூடாத வட்டம்.
அதிலிருந்து தன் வட்டத்துக்கு ஒரு கோடு.
அடியில் வங்காளத்தில் நாலைந்து எழுத்து.
யாரென்று கேட்கப் போனை எடுத்தேன்.
சார்ஜ் இல்லை.

வேறொருவர் வாழ்விலிருந்து விலகுவதற்கும்
முறை இருக்கிறது, மூன்றாம் அலகில்:
முன்கூட்டியே சொல்ல வேண்டும்,
இருதரப்பும் தயாராக வேண்டும்.
அடுத்த வியாழன் அறை பதினேழில்
ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்று பாய் விரித்துக்கொண்டிருந்தது.
ஊருக்குப் போனார்களா,
இன்னும் மலிவான சந்துக்கா,
அவர் எப்படிப் போனார்,
மேனேஜருக்குத் தெரியவில்லை.
சாவி வந்துவிட்டது என்றார்.

மால்டாவிலிருந்து வந்து வாளி சுமக்கும் பையனிடம்
தாளை நீட்டினேன்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
"தொ... மொ..."
மேலிருந்து யாரோ வெந்நீர் என்று கத்த
ஓடிவிட்டான்.

அறிக்கைக்கு இருபத்தைந்துக்குப் பதினாறு.
சிவப்பு மையில் மூன்று குறிப்புகள்:
கையெழுத்து மோசம்.
தலையீடு பலவீனம்.
ஓரத்து வட்டம் விளக்கப்படவில்லை.

திருத்தி எழுதித் தர
திங்கள் வரை நேரம் இருக்கிறது.