குறுக்குவழி

"ஏனுங், தொறந்தா வேற ஊடு வருதுங்"
என்று போன் செய்தார் சென்னியப்பன்.
நசியனூர் ரோட்டில் மஞ்சள் மண்டி.
மூட்டைகளுக்கு நடுவே மொபெட்டைச் சொருகிவிட்டு
உள்ளே போனேன்.

கீபோர்டில் எண்கள் மட்டும் தேய்ந்து பளபளத்தன.
எழுத்துகளின் இடுக்கில்
போன பட்டத்து விரலித் தூள்.

காலையில் தட்டியதும் வரவேண்டியது
விரலி இன்ன விலை, கிழங்கு இன்ன விலை.
வந்தது
நடுவில் ஒரு தேடல் பெட்டி, ஓரத்தில் பச்சைக் கிளி,
கீழே, ஐந்தே நிமிடத்தில் கடன்.
ஏலத்துக்கு வந்த விவசாயி ஒருவர்
அந்தக் கடனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

செட்டிங்ஸில் முகவரியை மாற்றினேன்.
மூடித் திறந்தேன். கிளி.
எக்ஸ்டென்ஷனில் பெயரில்லாத ஒன்று குந்தியிருந்தது,
கழற்றி எறிந்தேன்.
மூடித் திறந்தேன். கிளி.
கண்ட்ரோல் பேனலில் செவ்வாய்க்கிழமை தேதியில் ஒன்று.
போகட்டுமா, நிஜமாகவா, யோசித்தீர்களா என்று
மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் போனது,
கிளம்பிவிட்ட ஒறம்பரை
வாசலில் நின்று இன்னொரு கதை தொடங்குகிற மாதிரி.
மூடித் திறந்தேன்.
"பேயாட்டமல்லங் இருக்குது" என்றார் சென்னியப்பன்.

அப்புறம்தான் உறைத்தது.
வீட்டுக்குள் ஒன்றுமில்லை.
தினம் இரண்டு தட்டுத் தட்டுகிறோமே அந்தச் சின்னப் படம்,
ஷார்ட்கட்,
அதன் ப்ராபர்டீஸுக்குப் போய்
டார்கெட் என்ற கட்டத்துக்குள்
கர்சரை நகர்த்திக்கொண்டே போனால்
கடைசியில், ஒரு இடைவெளி விட்டு,
வால் மாதிரி அவன் முகவரி.
பெருந்துறை போகிற பஸ் போர்டில் யாரோ
பொடி எழுத்தில் 'வழி சத்தி' என்று சேர்த்திருந்தால்
டிரைவரைத் திட்டி என்ன ஆகும்?
பின்னாலிருந்து அழித்தேன்,
எழுத்தெழுத்தாக.

திறந்தேன். வெள்ளை.
"எந்தப் பக்கத்த வைக்கட்டுங்க?"
"பழசையே வையுங். பதினாலாயிரம் இருந்துதல்ல, அது."
"முகவரியத்தாங்க திருப்பலாம். வெலைய முடியாது."
விவசாயிதான் சிரித்தார்.
சென்னியப்பன் சிரிக்கவில்லை.
"செரி, எப்படி வந்துச்சுங் இது? ஆரு வேலை?"

இறக்கியவற்றின் பட்டியல் திறந்தே கிடந்தது.
செவ்வாய், பொழுதோட ஏழு பத்து,
படத்தைச் சுருக்கித் தரும் இலவசச் சாமான் ஒன்று.
அதற்கு மேலே ஒரு படம்.
நீலச் சுவர், சின்னப் பொட்டு,
காதிரண்டும் தெரிய நேராகப் பார்க்கும் கோகிலவாணி.
கணக்கு மேசையில் அவள் பேனா நின்றுவிட்டது.
பரீட்சை விண்ணப்பத்தில்
ஐம்பது கேபிக்குள் முகம் கேட்பார்கள்.
அவள் முகம் இரண்டரை எம்பி.

"காத்துல வர்றதுங்க" என்றேன்.
"சளி மாதிரி."
அவருக்கு அது போதுமாயிருந்தது.
எடை போடுகிற சத்தம் கேட்டு எழுந்து போனார்.

பட்டியலை அழித்தேன். படத்தை அழிக்கவில்லை.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியபடி
யாரிடம் என்றில்லாமல் சொன்னேன்:
"எதையும் எறக்க வேண்டாங்க. பெயிண்ட்லயே சுருக்கலாம்.
ரீசைஸ். பத்து, பன்னெண்டு பர்சென்ட் போட்டுப் பாருங்க."
பேனா மறுபடி ஓடியது.
"கடைசித் தேதி எப்பங்க?"
"வெள்ளி" என்றாள்,
பேரேட்டைப் பார்த்தபடியே.

விலைப் பக்கத்தைத் திரும்ப வைத்தேன்.
விரலி நேற்றைவிட நாற்பது ரூபாய் குறைவு.
ரசீதில் எழுதினேன்,
ஹோம் பேஜ் திருப்பியது, ஒன்று,
நூற்றைம்பது.

வெளியே ஏல மணி அடித்துவிட்டது.
மொபெட்டை எடுக்க
நாலு மூட்டைகளை நகர்த்த வேண்டியிருந்தது.