குடிவாரம்

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னே போய்ப் பின்னே வந்து
பெட்டி கோத்துக்கொண்டிருக்க
பைக்கை அணைத்துவிட்டு போனைப் பார்க்கிறேன்.
ஒரு படம் விற்றிருக்கிறது.
இருபத்தைந்து சென்ட்.

எங்கள் பக்கம் சென்ட் என்றால் நிலம்.
நூறு சேர்ந்தால் ஒரு ஏக்கர்.
இது வேறு சென்ட்.
இதில் ஒரு முடி நாற்றுகூட நட முடியாது.

எந்தப் படம் என்று திறந்தால்
பக்கிரியம்மாள்.
கோரையாற்றுப் பாசனத்தில், சம்பா நடவில்,
குனிந்த ஐந்து முதுகுகளுக்கு நடுவே
அவள் மட்டும் நிமிர்ந்து
சேறு படாத முழங்கையால்
நெற்றி மயிரை ஒதுக்கிய நொடி.
அதற்காக மூன்று நாள் வரப்பில் நின்றேன்.
லென்சுக்குத் தவணை இன்னும் ஏழு பாக்கி.

முதலில் திருப்பி அனுப்பினார்கள்:
'இரைச்சல் அதிகம்.'
தவளைச் சத்தம் கேட்டிருக்கும் போல.
துடைத்து மறுபடி ஏற்றினேன்.
குறிச்சொல் ஐம்பது வேண்டும் என்றார்கள்.
நாற்றுமுடிக்கு அவர்களிடம் சொல் இல்லை.
தானாக ஒன்று வந்து உட்கார்ந்தது: பாவர்ட்டி.
அழித்தேன். வந்தது.
அழித்தேன்.

முகம் தெரிந்தவர் மட்டும் கையெழுத்திட்டால் போதுமாம்.
சம்மதப் படிவத்தில்
'பக்கிரி' வரைக்கும் கோட்டுக்குள் அடங்கியது,
'அம்மாள்' வெளியே.

என் அப்பாவின் குத்தகைச் சீட்டில்
மேல்வாரம் இருபத்தைந்து, குடிவாரம் எழுபத்தைந்து.
அதற்கே எத்தனை பேர்
தாசில்தார் ஆபீஸ் வெயிலில் நின்றார்கள்.
இங்கே ஏஜென்சிக்கு எண்பத்தைந்து, எனக்குப் பதினைந்து.
களம் எந்த ஊரில் என்று தெரியாது.
கண்டுமுதல் எவ்வளவென்று சொல்வதில்லை.
தூற்றும்போது பக்கத்தில் நிற்க முடியாது.
ஐம்பது டாலர் குவிந்தால்தான்
களத்தைவிட்டு ஒரு மணி வெளியேறும்.
ஆடியிலிருந்து
நாற்பத்து மூன்றில் நிற்கிறேன்.

பதினெட்டு நாள் கழித்து
கடை வாசலில் அவளே வந்து நின்றாள்,
கையில் ஒரு நோட்டீஸ்.
மகளிர் குழுக் கடன். வாரத் தவணை.
'உங்கள் உழைப்பே உத்தரவாதம்.'
அதற்கு மேலே அவள் நிமிர்ந்து
நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"இவனுக்குத்தான் பதினோரு வாரம் பாக்கி எனக்கு.
என் மூஞ்சிய அச்சடிச்சு
என் வாசல்லயே சொருவிட்டுப் போறான்.
எவ்வளவு குடுத்தான்?"

இருபத்தோரு ரூபாய் என்றேன்.

"நடுவுல இருக்கறவனுக்கு?"

தெரியாது என்றேன்.

"மரக்காலக் கண்ணால பாக்காமயா
அளந்து வாங்கிட்டு வர்ற?"

மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன்.
மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது,
என் பெயரைக்கூடத் தப்பாகப் போட்டு.
சொல்லவில்லை.

"சரி, என் வாரம்?
நாலுல ஒண்ணு வை."
பேரம் பேசும் குரல் இல்லை,
நடவுக்கு ஆள் எண்ணும் குரல்.

ஐந்தே கால் ரூபாய்.
"ஐம்பது சேரட்டும் அக்கா, மொத்தமா தர்றேன்."
சொல்லி முடித்த பிறகுதான்
அது யாருடைய வாசகம் என்று
என் காதுக்கு எட்டியது.

இழுப்பறையில்
பாஸ்போர்ட் படக் கவர்களுக்கு அடியில்
ஓர் ஐந்து ரூபாய்க் காசு இருந்தது.
கால் ரூபாய் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

"எழுதி வை."

எழுதினேன்: பக்கிரியம்மாள், பாக்கி கால்.
நோட்டைத் திருப்பி வாங்கி
தன் பெயர் முழுதும் கோட்டுக்குள் இருக்கிறதா
என்று விரல் வைத்துப் பார்த்தாள்.
காசை முந்தானையில் முடிந்தாள்.
படியிறங்கியவள் திரும்பி,
"குனிஞ்சு நிக்கிற அஞ்சு பேருக்கு?
நடவுல நான் ஒருத்தியா நின்னேன்?"

அவள் பெயருக்குக் கீழே
இன்னும் ஐந்து வரிக்குக் கோடு போட்டேன்.
மூன்று நாள் வரப்பில் நின்றவன்.
ஒரு பெயரும் தெரியவில்லை.