வெதுவெதுப்பான சுவர்

பெட்போர்டிலிருந்து ஏறினால் இரண்டாவது வளைவு.
எந்தத் துரையோ கட்டிய பங்களாவைப்
பிளைவுட் வைத்து ஆறாக அறுத்ததில்
ஒரு துண்டு எங்களுக்கு.
முன்பணம் நாற்பதாயிரம்.
மூன்று பிளக் பாயிண்ட்,
ஒரு ஜன்னல் நிறைய மூடுபனி.

ஆனி மாதக் குன்னூரில்
தீக்குச்சி பற்றாது. உப்பு கசியும்.
துவைத்த துணி நான்கு நாள்
கொடியில் தொங்கி யோசிக்கும்.

ஆனால் படுக்கையறையின் மேற்குச் சுவரில்,
சுவிட்ச் போர்டுக்கு ஒரு முழம் மேலே,
ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

ரெஜினாதான் கண்டுபிடித்தாள்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து வந்தவள்
விறைத்த உள்ளங்கையை அங்கே வைத்து
"இங்க வா, தொட்டுப் பாரு" என்றாள்.
வீட்டுக்காரரிடம் நாங்கள் மூச்சுவிடவில்லை.
தெரிந்தால் வாடகையை ஏற்றிவிடுவார்.

கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தினோம்.
ஆணி அடித்து என் காலுறைகளைத் தொங்கவிட்டேன்,
காலையில் அப்பளம்போல் காய்ந்திருந்தன.
பூனை அங்கேயே முதுகை ஒட்டிக்கொண்டது.
குளிர்காலத்துக்குக் கடவுள் எங்களுக்கென்று
தனியாக ஒதுக்கிய நான்கு அங்குலம்.

பிறகு வந்தது வாடை.
ராத்திரி ஹீட்டர் போட்ட அரைமணியில்
லேசான மீன் கவிச்சி.
பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று
ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.
பக்கத்து வீட்டுப் பாரஸ்மல் குடும்பம்
வெங்காயம்கூடத் தொடாது என்பது
உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

ஜெகதளாவிலிருந்து வந்தான் வயர்மேன் போஜன்.
என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன்,
காதில் பென்சில்போல டெஸ்டர்.
புறங்கையால் சுவரைத் தொட்டான்.
"எத்தனை நாளா காய்ச்சல்?" என்றான்.
எதுவும் சொல்லாமல் மெயினை அணைத்துவிட்டு
பிளைவுட்டைப் பெயர்த்தான்.

உள்ளே
துரை காலத்து மரச்சட்டம், பருத்தி சுற்றிய வயர்,
அதில் யாரோ கையால் முறுக்கிப் போட்ட இணைப்பு.
அதன்மேல் கருகிச் சுருண்ட வெள்ளைப் பட்டை.
ரெஜினா குனிந்து பார்த்தாள்:
"இது புண்ணுக்குப் போடற பிளாஸ்திரி."
மரம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது.
எங்கள் தலையணைக்கு நேரே.

போஜன் அடுத்து ஃபியூஸ் கட்டையை உருவினான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரே இரவில் மூன்று தடவை ஃபியூஸ் போனது.
ஹீட்டர், கெய்சர், இஸ்திரிப் பெட்டி.
கடை சாத்தியிருந்தது.
பழைய சார்ஜர் வயரைப் பல்லால் உரித்து
ஆறு இழைகளைத் திரித்து மாட்டினேன்.
அதன்பிறகு அது போகவே இல்லை.
ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று
மனைவியிடம் பீற்றிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

"யாரு போட்டது?"
"முன்னாடி குடியிருந்தவங்களா இருக்கும்," என்றேன்.
ரெஜினா என்னைப் பார்த்தாள்.
போஜனும் பார்த்தான்.
தடித்த அந்தத் திரியை என் கையில் வைத்தான்:
"போக வேண்டியது போகணும் சார்.
அதுக்குத்தான் அதை அங்க வெக்கிறது."

பாதி வாடகையை விழுங்கியது புது வயர்.
ஹீட்டருக்குத் தனி பிளக்,
கெய்சருக்குத் தனி,
தொட்டால் பட்டென்று விழும் பிரேக்கர்.
மிச்சப் பணத்துக்கு வீட்டுக்காரரிடம்
ரெஜினாதான் சண்டை போட்டாள்.
என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள், தூக்கத்துக்கு முன்,
"அன்னைக்கு நான் நைட் டியூட்டி போயிருந்தா?" என்றாள்.
பதில் எதிர்பார்க்கவில்லை.

சுவர் இப்போது மற்றச் சுவர்களைப்போலச் சில்லிட்டிருக்கிறது.
பூனை இரண்டு தடவை மோந்து பார்த்தது,
எங்களை ஏமாற்றுக்காரர்களாய் ஒரு பார்வை பார்த்து
பிரிட்ஜுக்குப் பின்னால் குடிபோனது.

நான்காம் நாளும் காயாத காலுறையை
மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்குகிறேன்.
சொதசொதவென்று இருக்கிறது.
இருக்கட்டும்.